இயல்பான இருப்பிடம்

மார்ச் இரண்டாம் வாரம். ரெஜைனாவில்
வரிக்கணக்குக் காலம்.
வெளியே கழித்தல் இருபத்தாறு.
உள்ளே சி டிரைவின் மேல் சிவப்புக் கோடு,
மிச்சம் முந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி.

குர்ப்ரீத்தின் சம்பளச் சீட்டு வந்து சேரவில்லை.
மூன்று முறை அனுப்பினாளாம்,
நாலாம் முறை ஃபோன் எடுத்து ஏசினாள்.
வயிறு நிறைந்த குழந்தை
கரண்டியைத் தட்டிவிடுவது மாதிரி
மெயில் புரோகிராம் வாயை மூடிக்கொண்டுவிட்டது.

பக்கத்திலேயே டி டிரைவ்.
இரண்டு டெராபைட்,
கடையிலிருந்து இறக்கிய அன்றைய பிரிட்ஜ்போல.
ஒரு முட்டைகூட இல்லை.

கோப்பு எங்கே கிடக்கிறது என்று தேடினேன்.
சி. அதற்குள் யூசர்ஸ்.
அதற்குள் கெங்கா.

கணக்கின் பெயரை மாற்றி ஐந்து வருஷம்.
காலையில் திரை விழித்தால்
தவமலர் என்றுதான் வரவேற்கும்.
பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது,
அடியில் கோப்புறை மாறவே இல்லை.
விவாகரத்துத் தீர்ப்பும்
அதற்கு வக்கீல் போட்ட பில்லும்
கெங்காவுக்குள் வந்துதான் படுத்திருக்கின்றன,
நான் கேட்காமல், அது சொல்லாமல்.
டிஃபால்ட் என்றால் இதுதான் போல:
யாரும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது நடப்பது.

மாற்றலாம். ரெஜிஸ்ட்ரிக்குள் போகவேண்டும்.
வாசலிலேயே மறித்து
நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டது.
நிர்வாகி நான் இல்லையாம்.

ஃபோர்ட் மக்மரேயில் மதியச் சாப்பாட்டு நேரம்.
எடுத்தான்.
"என்ன, பிள்ளைக்கு ஏதுமோ?"
"இல்லை, கம்ப்யூட்டருக்கு.
மெயில் ஃபைலை டிக்கு மாத்தப் போறன்."
"ஏன், இருக்கிற இடத்திலேயே கிடக்கட்டுமே."
"இடமில்லை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவன் பின்னால்
யாரோ மைக்ரோவேவை அடித்துச் சாத்தினார்கள்.
பிறகு எழுத்துக் கூட்டத் தொடங்கினான்:
சின்ன ஆர், ஈ, டி, ஏ, இரண்டு எல்...
இரண்டாம் எல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது.
ரெட்டலாக் தெரு. நிலக்கீழ் வாடகை அறை.
குழாய் உறைந்த ஜனவரியில்
ஹேர் டிரையரை ஆளுக்குப் பத்து நிமிஷம்
மாற்றி மாற்றிப் பிடித்தோம்.
"கடைசியில ஓர் ஆச்சரியக்குறி" என்றான்.
சரி என்றேன். தாங்ஸ் என்றும் சொன்னேன்.

உள்ளே ஒரு புது வரி, அதற்கொரு பாதை:
டி, முக்காற்புள்ளி, சாய்கோடு, அஞ்சல்.
தமிழில் அடிக்கத்தான் ஆசை.
எங்கேயாவது முறைத்துக்கொள்ளும் என்று பயந்து
ஆங்கில எழுத்தில் அடித்தேன்.

அதன்பிறகுதான் தெரிகிறது
இந்த மாற்றம் இனிப் பிறக்கும் கோப்புக்கு மட்டும் என்று.
பழையது அசையாது.
அதை நான்தான் தூக்கவேண்டும்,
புரோகிராமை மூடிவிட்டு.
திறந்திருக்கையில் கைவைக்க விடாது.

நாற்பத்தொரு ஜிபி.
பச்சைப் பட்டை ஊர்ந்தது.
மீதி ஒரு மணி நேரம் என்றது,
பிறகு ஒன்பது நிமிஷம்,
பிறகு இரண்டு மணி நேரம்.
போய் வாசல் பனியை வழித்துவிட்டு வந்தேன்.
நிவேதிகா பள்ளிக்கூடத்தால் வந்து
பூட்ஸை உதறி, என்னம்மா சாப்பிட என்று
திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முடிந்ததும் பழையதன் பெயரில்
ஓர் எழுத்தை மாற்றிவைத்தேன்,
வழக்கத்தில் அங்கேயே போய் நிற்காமல் இருக்க.

திறந்தேன். கோப்பைக் காணவில்லை என்றது,
பழைய விலாசம் முழுவதையும்
ஒரு சாய்கோடு விடாமல் ஒப்புவித்தபடி.
காட்டினேன். இங்கே பார், டி.
யோசித்தது.
பிறகு நூற்றுப் பதினான்கு கடிதங்கள்
ஒரே மூச்சில் இறங்கின.
குர்ப்ரீத்தின் சீட்டு, மூன்று தடவையும்.

கடவுச்சொல்லை அன்றிரவே மாற்றினேன்.
சியில் பழைய பிரதி அப்படியே இருக்கிறது.
ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு
அழிக்கலாம் என்பார்கள்.
பதினொரு நாள் ஆகிறது,
சிவப்புக் கோடு இன்னும் சிவப்பு.
ஏப்ரல் முப்பது போகட்டும்,
இப்போது எனக்கு நேரமில்லை.