பெயர் ஒன்றுக்குப் பத்து டாலர்

பாட்டு எங்களுடையது.
பாட்டுக்கு நடுவே வரும் பெயர்கள் விற்பனைக்கு.

கின்ஷாசாவில் இதைக் கல்லெறிதல் என்பார்கள்.
கிட்டார் வேகம் பிடித்து
இடுப்புகள் சொல்பேச்சுக் கேளாமல் போகிற அந்த இடத்தில்
எக்கோஃபோ மைக்கைப் பல்லோடு ஒட்டிக்கொண்டு
காசு கொடுத்தவர் பெயரை விட்டெறிவான்.
பட்டவர் எழுந்து ஆடுவார்.
படாதவர் பணப்பையைத் தடவுவார்.

நான் பெயர் எழுதுகிறவன்.
பள்ளிக்கூட நோட்டு, காதில் பென்சில்,
ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒரு முக்காலி.
எதிர்ச்சுவரில் வரைந்த கடற்கன்னிக்கு
போன மழையில் ஒரு கண் உரிந்துவிட்டது,
மறு கண்ணால் என் கணக்கைப் பார்ப்பாள்.

சனிக்கிழமை என்றால் மொய்க்கிறார்கள்:
கோபால்ட் தரகர்,
சுங்க அதிகாரியின் இரண்டாம் வீடு,
பிரஸ்ஸல்ஸில் டாக்ஸி ஓட்டும் தம்பிக்காக ஓர் அண்ணன்
(தம்பி போனில் கேட்டுக்கொண்டிருப்பான், அங்கே பனி).
ஊதா சூட்டில் வந்தவர்
தன் காலணியின் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார்.
காலணிக்குத் தனிக் கட்டணம்.
கொடுத்தார்.

அன்று முட்டைக்காரி உட்கார்ந்தாள்.

பதினொரு வருஷமாக எங்கள் மேஜைகளுக்கு இடையே
தலையில் அட்டை அடுக்கோடு போகிறவள்.
அவித்த முட்டை, காகிதத்தில் மடித்த மிளகாய்ப்பொடி.
அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியில் சிந்தியிருந்த பீரைத் துடைத்தாள்,
அடுக்கை மேஜைக்கடியில் தள்ளினாள்,
என்னை விரலால் கூப்பிட்டாள்.

பத்து டாலர் என்றேன்.
ஃபிராங்க்காக எண்ணினாள்:
ஐந்நூறு, ஐந்நூறு, இருநூறு, கிழிந்த ஐந்நூறு.
ஒரு முழுப்பாட்டு ஓடி முடிந்தது,
அவள் எண்ணி முடிக்கவில்லை.
யார் பெயர்?
"என் பெயர்தான். வேறு யார் பெயரை
நான் காசு கொடுத்து வாங்குவேன்?"
பிலோண்டா கசாடி. மஸீனா, மூன்றாம் தெரு.
"தெருவை விட்டுவிடாதே."

வேகம் பிடித்தது.
தரகர் பெயர் போயிற்று, கைதட்டு.
காலணியின் பெயர் போயிற்று, விசிலும் சேர்ந்தது.
எக்கோஃபோ என் சீட்டைப் பார்த்தான்,
மூச்சை இழுத்தான்,

கரண்ட் போயிற்று.

பேட்டை மொத்தமும் ஒரே இமையாய் மூடிக்கொண்டது.
கிட்டார்கள் வாய் மட்டும் அசைக்கும் மீன்கள்.
தோல்மேளத்துக்கு மின்சாரம் எதற்கு, அது பாட்டுக்கு ஓடியது.
எக்கோஃபோவும்தான், இழுத்துவிட்ட மூச்சை என்ன செய்வான்?
வெறும் தொண்டையில் கத்தினான்:
பிலோண்டா கசாடி! மஸீனா, மூன்றாம் தெரு!

ஜெனரேட்டர் கயிற்றை ஆறு முறை இழுத்தார்கள்.
வெளிச்சம் வந்தபோது
அவள் என் முக்காலிக்கு எதிரே நின்றாள்.
"எத்தனை மேஜைக்குக் கேட்டது?"
நாலு என்றேன். பொய் யோசிக்க நேரமில்லை.
"மொத்தம் எத்தனை?"
முப்பத்தாறு.
"அப்படியானால் ஒன்பதில் ஒரு பங்கு உனக்கு.
மீதியைக் கொடு."

மறுபடி சொல்லச் சொல்கிறேன் அம்மா, மைக்கில்,
காசு வேண்டாம்.
"காசில்லாமல் சொன்னால்
அதற்குப் பெயரா, பிச்சையா?"

எண்ணிக் கொடுத்தேன்.
கிழிந்த ஐந்நூறை மட்டும் திருப்பித் தள்ளினாள்,
"இது உன் பங்கில்."

அடுக்கு தலைக்கு ஏறியது.
ஏய் முட்டை, என்பதுதான் இங்கே அவள் பெயர்,
பதினொரு வருஷமாக.
மூன்றாவது மேஜையைக் கடக்கும்போது
ஒரு குடித்த குரல் கையை உயர்த்தியது:
பிலோண்டா! மூன்றாம் தெரு! ரெண்டு முட்டை!

நின்றாள்.
ஓடு உரித்தாள், மிளகாய்ப்பொடி தூவினாள்,
விலையில் நூறு ஏற்றிச் சொன்னாள்.
கொடுத்தார்கள்.

நோட்டில் அவள் வரியை அடிப்பதா, விடுவதா
என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்,
அதற்குள் சுங்க வீடு வந்து நின்றது,
தன் பெயரைச் சரியாக நீட்டவில்லை என்ற புகாரோடு.

அந்தக் கிழிந்த ஐந்நூறு
இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
எந்தக் கடையிலும் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.