நாற்பத்து மூன்று

என் வேலை எண்ணுவது.
டுலூத் நகரத்தில், ஏரிக்கரைக் கிடங்கொன்றை
அரங்கமாக்கியிருக்கிறார்கள்.
திரைக்குப் பின்னால் நீள மேசை,
மேலே வெள்ளைத் தாள்,
ஒவ்வொரு பொருளுக்கும் பேனாவால் ஒரு கட்டம்:
தெர்மகோல் பிறந்தநாள் கேக்,
கார்ச் சாவி,
இன்று உடையப்போகும் தட்டு,
ஆரஞ்சுக் குப்பியில் மாத்திரைகள்.
நாற்பத்து மூன்று. எல்லாம் பெப்பர்மின்ட்.

இரண்டாம் பாதியில் அந்தத் தாய்
குப்பியைச் சுவரில் அடித்துவிட்டுப் பாடுவாள்.
கோரின் வாஸ்காவின் குரல் உச்சிக்கு ஏறும்போது
முன்வரிசைக் கைக்குட்டைகள் வெளியே வரும்.
நான் மட்டும் ஓரத்துத் திரை மறைவில்
எது எந்தப் பக்கம் உருண்டது என்று பார்த்திருப்பேன்.

மேடையில் நோய்க்குச் சுருதி இருக்கிறது.
அது வருமுன் செல்லோ சொல்லிவிடும்.
பாதியில் பதினைந்து நிமிட இடைவேளையும் உண்டு,
காப்பியோடு.

எங்கள் வீட்டில் அது சொல்லிக்கொண்டு வரவில்லை.
படகே இல்லாத எங்களுக்கு
ஒரே நாளில் பதினொரு துடுப்பு வாங்கி வந்தாள் அம்மா.
இரவு இரண்டு மணிக்கு
கார்க் கொட்டகைக் கதவுக்கு மஞ்சள் பூசினாள்,
விடிவதற்குள் அதன் மேல் நீலம்.
பிறகு மூன்று வாரம்
குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.
அப்பா வாசலில் பனி அள்ளினார்.
விழாத நாளிலும் அள்ளினார்.
அண்ணன் டூசானுக்குப் போனவன்
கிறிஸ்துமஸ் அட்டையாக மட்டும் திரும்பி வந்தான்.
பதினோரு வயதில் நான்
குளியலறை அலமாரிக் குப்பியை
இரவுதோறும் உள்ளங்கையில் கொட்டி எண்ணினேன்.

ஒத்திகையில் இயக்குநர் ஹாலிஸ் கேட்டார்,
"இதெல்லாம் நிஜம் மாதிரி இருக்கிறதா?"
தட்டு சரியான உயரத்திலிருந்து விழுகிறது என்றேன்.

அம்மாவிடம் பாட்டு நாடகம் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.
வியாழன் பகல் காட்சி, ஏழாம் வரிசை.
மேடைக் கணவன் மனைவியின் கையைப் பிடித்து
"நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும்" என்றபோது
அரங்கமே மூச்சடக்கியிருந்த இடத்தில்
ஒரே ஒருத்தி சிரித்தாள்.
கோரின் அரைத் தாளம் தவறினாள்.
இருட்டில் எனக்கு முகம் தேவைப்படவில்லை.
அது நல்ல நாட்களின் சிரிப்பு.

எல்லோரும் போனபின்
டார்ச்சோடு தவழ்ந்துகொண்டிருந்தேன்.
வெளிச்சத்தில் ஒரு ஜோடி பனிக் காலணி.
"எத்தனை?"
"நாற்பத்திரண்டு."

முழங்கால் சடசடக்க அம்மா மண்டியிட்டாள்.
அட்டை அடுப்படிக்குள் இரண்டு பேரும் தேடினோம்.
கீழே, இரண்டு கோட்டுகளைச் சுமந்தபடி
காலி நாற்காலிகளுக்கு நடுவே அப்பா நின்றார்.
"இந்தச் சமையலறை ரொம்பச் சுத்தம்" என்றாள்,
"நம்புற மாதிரி இல்லை."
முதுகில்லாத ஃபிரிட்ஜின் அடியில் கைவிட்டு எடுத்தாள்.
மாத்திரை எங்கே ஒளியும் என்று
அவளுக்கா தெரியாது?

எடுத்ததை வாயில் போட்டாள்.

என் கை அவள் தாடைக்குப் பாய்ந்தது,
பதினோரு வயதுக் கை,
முப்பது வருடம் தூங்காத கை.

கரக்கென்று கடித்தாள்.
"மின்ட்."
என் விரல்களைத் தாடையிலிருந்து எடுக்கவில்லை அவள்.
மென்று முடிக்கும்வரை அப்படியே இருந்தோம்.

"நீ எண்ணி வைத்துவிட்டுப் போன பிறகு
நானும் ஒருமுறை எண்ணுவேன்" என்றாள்.
"ஒன்று குறைந்தால் நீ பயந்துவிடுவாயே."

அப்பா கோட்டை விரித்துப் பிடித்தார்.
இடது கை, பிறகு வலது கை.
வெளியே பாலம் உயரும் மணி,
ஏதோ தாதுக் கப்பல் உள்ளே வருகிறது.

இரவுக் காட்சிக்கு முன் பட்டியலில் எழுதினேன்:
மாத்திரை, நாற்பத்திரண்டு.
ஒன்று தின்றாயிற்று.
புதுப் பொட்டலம் வாங்க வேண்டும்.