சத்தியப் பெட்டி

சாட்ஸ்வர்த். வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட்.
வெளியே முப்பத்திரண்டு டிகிரி.
உள்ளே பனிநாட்டுக் கடவுள்கள்
பசை காயாமல் சுவரில் வழுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓடினின் ஒற்றைக் கண்
சண்டிலே கொண்டுவந்த சோடா மூடி.
தோரின் சுத்தியல் பால் டப்பா,
மூன்றாம் ஓங்கலிலேயே நசுங்கிவிட்டது.
லோகியாக நடிக்க ஒன்பது கைகள் எழுந்தன.
பால்டராக நடிக்க ஒன்றுகூட இல்லை.
"சாகறவன் வேணாம் மேம்" என்றான் தேஷ்லன் படையாச்சி.
அப்படிச் சொன்னதற்காகவே
அவன் தலையில் விழுந்தது.

கதையைப் பாதிவரை சொன்னேன்:
பால்டர் தன் சாவைக் கனவு கண்டான்.
அவன் தாய் ஃப்ரிக் உலகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போனாள்.
நெருப்பிடம், இரும்பிடம், கல்லிடம்,
காய்ச்சலிடம், பாம்பின் பல்லிடம்:
என் பிள்ளையைத் தொடமாட்டேன் என்று சொல்.
எல்லாம் சொல்லின.

"இப்ப நீங்கதான் உலகம்" என்று
பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு
ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன்.
என்ன பொருளாக வேண்டுமானாலும் இருக்கலாம்,
சத்தியத்தை எழுதி ஐஸ்கிரீம் டப்பாவில் போட வேண்டும்.

நான் மினிபஸ் டாக்ஸி. சிவப்பு விளக்கில் நிற்பேன்,
பால்டர் குறுக்கே போனால் மட்டும்.
நான் அடுப்பு. நான் ஊசி.
நான் பக்கத்து வீட்டு நாய், என்னைக் கட்டித்தான் போட்டிருக்கிறார்கள்.
நான் கணக்குப் பரீட்சை. யோசித்துச் சொல்கிறேன்.
நான் தோட்டா. வந்த வழியே திரும்பிப் போவேன்.
நான் ஆறு. போன ஏப்ரலில் செய்ததை
இனிமேல் செய்யமாட்டேன்.

கடைசிச் சீட்டில் பெயர் இல்லை.
எனக்குக் கையெழுத்து தெரியும்.
டப்பாவை மூடினேன்.

பிறகு விளையாட்டு.
தேஷ்லன் மேசைமேல் ஏறிக் கைகளை விரித்தான்.
உலகம் அவன்மேல் எறிந்தது:
ரப்பர், கசக்கிய காகிதம், தொப்பி,
யாருடையதோ ஒரு காலுறை.
"வலிக்கல! வலிக்கல!"
பக்கத்து வகுப்பு கோவேந்தர் சார் வந்து எட்டிப் பார்த்து,
ஒன்றும் கேட்காமல் போனார்.

அப்போது ஜன்னலோரக் கடைசி பெஞ்சிலிருந்து
ஒரு காகித அம்பு.
கூர்மையாக மடித்தது.
கண்ணுக்குக் கீழே, கன்னத்தில்.

வகுப்பு அடங்கிவிட்டது.
தடாலா எழுந்து நின்றாள்.
மலாவியிலிருந்து வந்து பதினோரு நாள்.
அவள் காகிதங்கள் இன்னும் அலுவலகத்தில்,
என் பதிவேட்டில் அவளுக்கு ஒரு வரி கிடையாது.
முப்பத்தெட்டுப் பெயர், முப்பத்தெட்டுச் சீட்டு.

"நான் எதுவுமே இல்ல மேம்.
நீங்க என்கிட்ட கேக்கல."

நான் சொல்லாமல் வைத்திருந்த மீதிப் பாதி அதுதான்.
மேற்கே ஒரு சின்னச் செடி,
சத்தியம் செய்யும் வயசில்லை என்று
ஃப்ரிக் தாண்டிப்போனது.
என் மொழியில் அதற்குப் புல்லுருவி என்று பெயர்.
மனிதரைப் பார்த்துச் சொன்னால் வசவு.
டாக்ஸி ஸ்டாண்டில் இவள் அப்பாவிடம்
வேறு மொழியில்
அதையேதான் சொல்கிறார்கள்.

அந்தச் சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை.
"மரத்துல வளர்ற ஒரு செடி" என்றேன்,
குரல் எனக்கே சின்னதாய்க் கேட்டது.

"அப்ப நான் சாகணுமா?" என்றான் தேஷ்லன் மேசைமேலிருந்து.
"ஆமா" என்றாள் தடாலா.
அவன் செத்தான்.
சாவகாசமாக,
இரண்டு வசனம் பேசி, ஒருமுறை எழுந்து,
சட்டை அழுக்காகாத இடமாய்ப் பார்த்து மறுபடி விழுந்து.
முதலில் சிரித்தது அவள்தான்.
மணி அடித்தும் ஒருவரும் பையைத் தூக்கவில்லை.

திங்கள்கிழமை, பதிவேட்டின் அடியில்
பென்சிலால் ஒரு வரி போட்டு அவள் பெயர் எழுதினேன்.
விதிப்படி தப்பு.
முப்பத்தொன்பதாம் சீட்டை அவளிடம் நீட்டினேன்.
வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.
மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
"யோசிச்சுச் சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை.
தேஷ்லன் அவள் பெஞ்சைச்
சுற்றிக்கொண்டுதான் போகிறான்.