ரோபோ அணைந்த சந்திப்பு

இந்த ஊரில் போக்குவரத்து விளக்குக்கு
ரோபோ என்று பெயர்.
மின்வெட்டு நான்காம் கட்டம் என்றால்
முதலில் ரோபோவின் கண் அவியும்,
அப்புறம் எங்கள் பொறுமை.

செவ்வாய்க்கிழமை, ஹிக்கின்சன் நெடுஞ்சாலை இறக்கம்.
ஜேக்கப்ஸ் தையல் ஆலையில்
எழுநூற்றுப் பன்னிரண்டு காலர் வைத்த கை
ஸ்டியரிங்கில் மரத்துக் கிடக்கிறது.
தூறல்.
வைப்பர் ஒன்று வேலை செய்யவில்லை,
அதுவும் என் பக்கத்து வைப்பர்.

சந்திப்பின் நடுவில் ஒருவன்.
சட்டை இல்லை.
சாலைப் பணியாளர் போடும் ஆரஞ்சு மேலங்கி மட்டும்,
பித்தான் இல்லாமல்.
கையில்
ரொட்டிக் கூடையிலிருந்து உடைந்த
சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு.
அதுதான் செங்கோல்.

கண்ணாடியை ஏற்றினேன்.
கைப்பையை இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.
யோசித்துச் செய்ததல்ல;
பதினொரு வருடம் டர்பனில் வண்டி ஓட்டிய கை
தானாகச் செய்வது.
அவன் அதைப் பார்த்தான்.
பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
"இரு" என்றது சிவப்புத் துண்டு.
இருந்தேன்.

கடையிலிருந்து ஓட்டிவந்த தள்ளுவண்டியில்
கேஸ் சிலிண்டரைப் படுக்க வைத்து
ஒரு பையன் சாலையைக் கடக்கிறான்.
பத்து வயதிருக்கும்.
நடுவழியில் முன்சக்கரம் குழியில் இறங்கிவிட்டது.
எமனுக்கே வழிவிடாத மினிபஸ் டாக்சிகள்
நான்கு திசையிலும் நின்றன.
முதல் வண்டிக்காரன் கதவை அறைந்து இறங்கினான்.
திட்டத்தான் போகிறான் என்று நினைத்தேன்.
திட்டிக்கொண்டேதான் போனான்.
திட்டிக்கொண்டே குனிந்து
சக்கரத்தைத் தூக்கிவிட்டான்.

இவ்வளவுதான்,
அரை நிமிடம்கூட இராது.
ஒரு ஹாரனும் கேட்கவில்லை என்பது
எனக்கு அடுத்த தெருவில்தான் உறைத்தது.

என் முறை வந்ததும்
வீட்டுக்கு வந்த சம்பந்தியை அழைப்பதுபோல்
முழுக்கையையும் விரித்துச் சற்றே குனிந்து
போகச் சொன்னான்.
ஐந்து ராண்ட் நாணயம் தேடினேன்.
அது விரலில் தட்டுப்பட்டபோது
அவன் பின்கண்ணாடியில்
கட்டைவிரல் அளவு ஆரஞ்சு.

வீட்டுப் பக்கம் ஒரே இருட்டு.
மதிலுக்கு அப்பால் கோகியின் இருமல்.
மின்சாரம் போனால் அவள் நெபுலைசர் நின்றுவிடும்,
எனக்குத் தெரியும்.
என்னிடம் இன்வெர்ட்டர் இருப்பது
அவளுக்கும் தெரியும்.
நாய் விஷயமாக அவள் சொன்ன ஒரு வார்த்தை
மதிலைவிட இரண்டு செங்கல் உயரமாய்
நடுவே நிற்கிறது.
ஆறு மாதமாக அந்த இருமல் கேட்டால்
டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவள் நான்.

அன்றைக்கு,
நல்லவளாகிவிட்டதால் அல்ல,
திட்டிக்கொண்டேதான்,
எக்ஸ்டென்ஷன் வயரை மதில்மேல் எறிந்தேன்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
வெகுநேரம் இல்லை.
பிறகு வயர் மெல்ல அசைந்தது,
தூண்டிலை முகர்ந்து பார்க்கும் மீனாய்.
பிறகு ஒரே இழுப்பு.
பிறகு அந்தச் சின்ன இயந்திரத்தின் உறுமல்,
அதற்குக் கீழே மெள்ள அடங்கிய இருமல்.

காலையில் வயர் சுருட்டி மதில்மேல் இருந்தது.
பக்கத்தில் மூடிபோட்ட மீன்குழம்பு.
உப்புத் தூக்கல்.
வழித்துச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மின்சாரம் இருந்தது.
ரோபோ சிவப்பும் பச்சையுமாய்
ஒழுங்காக வேலை பார்த்தது.
அவனைக் காணவில்லை.
ஓரத்தில் சோளம் சுடுகிறவளிடம் நிறுத்திக் கேட்டேன்.
சிபொனெலோவா? என்றாள்.
ஸுலுவில் அதற்கு 'உதாரணம்' என்று பொருளாம்.
எதற்கு உதாரணம் என்று கேட்கத் தோன்றியது,
கேட்கவில்லை.
விளக்கு எரிகிற நாளில்
அவனுக்கு இங்கே என்ன வேலை என்று
சோளத்தைத் திருப்பிப் போட்டாள்.

ஐந்து ராண்ட்
இன்னும் வண்டியின் சாம்பல் கிண்ணத்தில் கிடக்கிறது.
ஒவ்வொரு வளைவிலும்
ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடிச்
சத்தம் போடுகிறது.
செலவழிக்க மனம் வரவில்லை.
இன்னொரு மின்வெட்டு வரட்டும் என்று
வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை.