லோயர் கேம்ப் இறக்கம்

எஞ்சின் கூடாது, கரண்டு கூடாது
என்பது போட்டி விதி.
அதை மின்வாரிய ஆபீசில் வந்து ஒட்டினால்?
தளவாய்தான் முதலில் சிரித்தான்:
"மேலணைத் தண்ணி மட்டும்
பெட்ரோல் ஊத்தியா வே இறங்குது?"

கேபிள் சுற்றி வந்த மர உருளை இரண்டை அறுத்ததில்
நாலு சக்கரம்.
டிரான்ஸ்பார்மர் மூடி இருக்கை.
உருவத்தில்தான் சண்டை.
பேச்சிமுத்து ராக்கெட் வரைந்தான்,
மெகருன்னிசா கெளுத்தி மீன்.
பிரம்மநாயகம் சார் பச்சை மையில்
இரண்டு தாளிலும் "அனுமதி" என்று எழுதிவிட்டார்.
ஆகவே தலை கெளுத்தி, வால் ராக்கெட்.
மீசைக்கு அலுமினியக் கம்பி.
பிரேக்குக்கு லாரி டயர்த் துண்டு,
அதை மிதிக்க ஒரு கால்,
மிச்சத்துக்கு இசக்கியம்மன்.

ஓட்ட என்னைச் சொன்னார்கள்.
எடை கூடினால் வேகம் கூடுமாம்.
எண்பத்தொரு கிலோ.
ஒரு தகுதியாக அதை யாரும்
இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

இன்னும் வேண்டும் என்று
மணல் மூட்டை தேடிப் போன தளவாய்
பீரோவைத் திறந்தபடி நின்றான்.
பதினோரு வருஷப் புகார்ப் புத்தகங்கள்.
கயிறு போட்டு வாலில் கட்டினோம்:
வோல்டேஜ் இல்லை, கம்பம் சாய்ஞ்சிருக்கு,
தென்னை மட்டை கம்பியில உரசுது,
மூணாம் தடவையா எழுதுறேன், இப்படிக்கு ஆறுமுகத்தாய்.

ஞாயிறு காலை, சாரல் விட்ட நேரம்
தள்ளிவிட்டார்கள்.
முதல் வளைவில் மில்காரர்களின் வாழைப்பழத்தைத் தாண்டினேன்,
அடுத்ததில் போஸ்ட் ஆபீசின் தபால்பெட்டியை.
மதில்மேல் குரங்குகள் எழுந்து நின்றன.
எங்கள் ஆபீஸ் புகார்கள்
இத்தனை வேகமாக எங்கேயும் போனதில்லை.

மூன்றாவதில் கயிறு அவிழ்ந்தது.
ரோடெங்கும் பக்கம் பக்கமாக.
எடை போன கெளுத்தி
கோட்டுக்கு முப்பதடி இருக்க
மீசை ஆட ஆட நின்றுவிட்டது.
தபால்பெட்டி ஜெயித்தது.

மதியம் வரை ஈரத்தாள் பொறுக்கினோம்.
மெகருன்னிசா ஒன்றை மட்டும்
கையிலேயே வைத்திருந்தாள்.
"கீழத்தெருதான. போற வழிதான்."

ஏணியைக் கெளுத்தி முதுகில் கட்டி
நாலு பேரும் தள்ளிக்கொண்டு போனோம்.
மட்டை இன்னும் உரசிக்கொண்டுதான் இருந்தது.
தளவாய் மேலே ஏறினான்.
ஆறுமுகத்தாய் அவனைப் பார்க்கவில்லை,
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.
"இதுக்கு எதுக்குய்யா மீசை?"