ஆணையர் அறிக்கையில் விட்டுப்போனவை

வாதிகள் இருவர், பிரதிவாதி ஒருவர்.
ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று கோபங்கள்.
தாவாச் சொத்து: தாண்டிக்குடிக்குக் கீழே, ஓடையை ஒட்டி
பதினொரு ஏக்கர் நாற்பது சென்ட்.
பத்திரத்தில் கமலா ஆரஞ்சுத் தோட்டம்.
அடங்கலில் தரிசு.

அளந்து மூன்றாய்ப் பிரித்துக் காட்டு என்று
நீதிமன்றம் என்னை அனுப்பியது.
சர்வேயர் இருதயராஜ் சங்கிலியோடு வந்தார்.
இரண்டாம் கல்லிலேயே சங்கிலி நின்றுவிட்டது.
உண்ணிமுள்.

ஆரஞ்சு செத்து இருபத்தாறு வருஷமாம்.
இலை வெளுத்து, நுனி கருகி, வரிசை வரிசையாய்.
அந்தக் கோடையில்தான் அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.
பிறகு தடையுத்தரவு:
எவரும் நுழையக் கூடாது, எவரும் வெட்டக் கூடாது.

மூவரும் கீழ்ப்படிந்தார்கள்.
கொண்டைக்குருவிக்கு நோட்டீஸ் சார்பு செய்யப்படவில்லை.
மரநாய்க்கும்தான்.
அது பக்கத்துத் தோட்டத்தில் பழம் தின்று
எல்லை தாண்டி வந்து, இங்கே பாறைமேல் கழித்தது.
அத்துமீறிய பயிர் எனக் கொள்ளலாமா?

முதலில் உண்ணி வந்திருக்கிறது.
உண்ணிக்குள்ளிருந்து வட்டக்கண்ணி,
அதன் நிழலில் நாவல்,
நாவலின் நிழலில்
பெயர் தெரியாமல் நான் ‘இதர’ என்றெழுதிய ஏழெட்டு.
செருப்பு புதைகிறது. குனிந்து அள்ளினால்
காப்பித்தூள் போல மண்.

மூத்தவர் கூட்டிவந்த மரவியாபாரி மைதீன் பிச்சை
அரிவாள் முதுகால் தட்டித் தட்டிக் கேட்டார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
“சில்வர் ஓக் இருபத்தொண்ணு நிக்கிது, அது காசு.
வட்டக்கண்ணி தீக்குச்சிக்கும் ஆகாது மேடம்.
மத்ததெல்லாம் வெறகு. ஏத்துக்கூலி கட்டாது.”
எழுதிக்கொண்டேன்:
மர மதிப்பு, ரூபாய் எண்பத்தெட்டாயிரம்.

கீழ்த்தோட்டத்து அங்காத்தாள்
தோளில் ஓஸ் குழாயோடு ஏறி வந்தாள்.
“நான் பார்ட்டி இல்ல. ஆனா எழுதிக்கங்க.”
தை முடியுமுன் வற்றிக்கொண்டிருந்த கசிவு
இப்போது சித்திரை வரைக்கும் சொட்டுகிறதாம்.
டேங்கருக்கு ஆயிரத்தெண்ணூறு கொடுத்து மூன்று வருஷம் ஆயிற்றாம்.
பங்குனி மழைக்குக் காப்பி வெள்ளையாய்ப் பூத்த அன்று
தேனீ எங்கிருந்து வந்தது என்று என்னையே கேட்டாள்.
மகளின் கணக்கு நோட்டைப் பிரித்தாள்:
காட்டோரத்து வரிசைகளில் பதினாலு மூட்டை.
ரோட்டோரத்தில், அதே அளவு நிலத்தில், ஒன்பது.

“காட்டுமாடும் இங்கருந்துதான் வருது,
அவரைப் பந்தலப் போன மாசம் சாச்சிருச்சு.
அதையும் எழுதுங்க, பொய் வேணாம்.”

எங்கே எழுத?
வழக்கில் இல்லாதவளின் அஞ்சு மூட்டைக்கு
என் படிவத்தில் கட்டமில்லை.
நீருக்கு இருந்தது: ‘கிணறு — உண்டு / இல்லை.’
இல்லை என்று அடித்தேன்.

மாலையில் ஜீப் பானட்டில் வரைபடத்தை விரித்து
இருதயராஜ் பென்சிலால் இரண்டு கோடு போட்டார்.
சில்வர் ஓக் ‘அ’ துண்டில்.
கசிவு ‘ஆ’வில்.
கசிவுக்கு நீர் ஊட்டும் சரிவோ ‘இ’யில்.
அழித்தார். குறுக்கே போட்டார்.
இப்போது கசிவு தனியே, வேர்கள் தனியே.
மறுபடி அழிக்கையில் தாள் கிழிந்தது.
“மேடம், இது பரப்பளவுல பிரியும்,” என்றார்,
“மத்தபடி பிரியாது.”

இளையவரின் வக்கீல் போனில் அழைத்தார்.
சிரித்துக்கொண்டே சொன்னார்:
“தரிசுன்னே போட்டுருங்க. முத்திரைச் செலவு கொறையும்.”

‘சொத்தின் தற்போதைய தன்மை’
என்ற இடத்தில் தோட்டம் என்று எழுதி அடித்தேன்.
காடு என்று எழுதினேன்.
அந்தச் சொல்லைப் பார்த்தால் வேறொரு இலாகா கிளம்பி வரும்,
மூவரும் அதற்குமுன் ரம்பத்தோடு வருவார்கள்.
அதையும் அடித்தேன்.

திங்கட்கிழமை மனுப் போட்டேன்:
அறிக்கை தாக்கல் செய்ய மேலும் மூன்று மாத அவகாசம்.
காரணம்: மழை.
நீதிபதி கோப்பிலிருந்து நிமிரவில்லை.
வாய்தா கிடைத்தது.

அன்று பெரும்பாறைப் பக்கம்
மழை இல்லை.