ஆறரை இஞ்சும் அரை மில்லியும்

இருபத்தெட்டு வருசம் ரிக் வண்டியில்
துளை போட்டே தின்ற பொழப்பு.
ஆறரை இஞ்சுத் துளை.
திருச்செங்கோட்டில் ஏறி உட்கார்ந்தால்
ராய்ப்பூர், ஜபல்பூர், பிலாஸ்பூர் என்று
பூர் பூராய் அலைந்து
மழைக்கு முன்னால் திரும்புவோம்.

கம்ப்ரசர் நின்ற பிறகும்
காதுக்குள் அது நிற்காது.
அந்த நேரத்தில்தான் டிபன் டப்பாவைத் திறப்பேன்.
உள்ளே சோறு இல்லை.
மணி.
ஒவ்வொன்றிலும் அரை மில்லி துளை,
வேறு எவனோ போட்டு வைத்தது.

பன்னிரண்டு வயதில் பிடித்த கிறுக்கு.
வைகாசித் தேர்க்கூட்டத்தில்
தங்கச்சியின் பாசிமாலை அறுந்து போச்சு.
காலுக்கடியில் புகுந்து பொறுக்கி
ராத்திரியே கோத்துக் கொடுத்தேன்.
நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் இருந்ததை
நடுவில் மஞ்சள் விட்டு மாற்றிவிட்டேன்.
"இது என்ற மாலை இல்லை" என்று ஒரே அழுகை.
அவள் சொன்னது நிசம்தான்.
அதைவிட இது நன்றாயிருந்தது.

வண்டியில் பசங்க சிரிப்பார்கள்.
ஹேமர் மாட்டுகிற கையில் ஊசியா,
அண்ணனுக்கு எப்பங்க தெரட்டிச் சீர்
என்று கேட்டான் வையாபுரி.
மலைமேல் நிற்கிறவருக்கே
ஒரு காதில் தோடுதான், போய்க் கேளு என்றேன்.
அடுத்த மாசம் வந்து நின்றான்,
சம்சாரத்துக்கு ஒரு ஜோடி கம்மல் வேணுமாம்,
கடனுக்கு.

நிறத்தை எப்படி அடுக்குகிறாய் என்று
கேட்கிறவர்களிடம் நான் சொன்னதில்லை.
பூமி அடுக்கியபடியே அடுக்குகிறேன்.
குழியிலிருந்து ஊதி வரும் மண்ணை
இருபதடிக்கு ஒரு கை அள்ளிப் பார்ப்பேன்.
செம்மண்ணுக்கு எட்டு மணி,
சுக்காங்கல்லுக்குப் பன்னிரண்டு,
சாம்பல் நிறக் கல் ஆழம் போகும், அது நாற்பது,
நடுவே ரோசாப்பூ நிறத்தில் ஒரு பாறை
வரும், வராமலும் போகும்.
அப்புறம் ஒரே ஒரு கண்ணாடி நீலம்.
அது தண்ணீர் பீச்சிய இடம்.
கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறவளுக்கு
கழுத்தில் கிடப்பது யார் தோட்டத்துக் கிணறென்று
தெரியவா போகிறது.

பீதர் பக்கம் ஒரு தோட்டம்.
எழுநூற்றி இருபதடி போயும் புழுதி.
அந்தம்மா காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள்,
தோடு எங்கே போனதென்று கேட்க வேண்டியதில்லை.
அந்த ராத்திரி கோத்ததில் நீலம் கிடையாது.
கேசிங் பைப் மூடியில் மாட்டிவிட்டு
விடியுமுன்னே கிளம்பிவிட்டோம்.
போட்டிருப்பாளா?
பிடுங்கி எறிந்திருப்பாள்.
நானாயிருந்தாலும் அதைத்தான் செய்வேன்.
பில்லில் அடிக்கு ஒரு ரூபாய் குறைக்க
எனக்கு அதிகாரமில்லை.
மணி மட்டும்தான் என்னுடையது.

பாவாயி இன்றுவரை ஒன்றும் போட்டதில்லை.
வேர்வைக்கு அரிக்குதாம்.
"என்ற கழுத்துலயும் போர் போடோணுமா?"
ஆனால் புது மணி வந்தால்
மொறத்தில் கொட்டிப் புடைத்து
ஓட்டை அடைத்ததை, கோணியதை
ஒதுக்கித் தள்ளுவது அவள்தான்.
அரிசியில் கல் பொறுக்குகிற அதே வேகம்.
ஒன்று தப்பாது.

இப்போது ஒரு கண்ணில் புரை.
நூல் கோக்கும்போது மூச்சை அடக்கணும்,
ஊசிக்காதை நாக்கில் தொட்டுப் பார்க்கணும்.
டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார்.
அதற்குள் முடிக்க வேண்டியது மூன்று உருப்படி,
ஒன்றுக்குக் கொக்கி இன்னும் வரவில்லை.

போன தை மாசம்
நான் பதினாறு வருசம் ஓட்டிய வண்டியை
ஜோத்பூர்க்காரன் ஒருத்தன் வாங்கிப் போனான்.
சீட்டுக்கடியில், விரல் நுழையாத சந்தில்,
கை தவறிய மணியெல்லாம் அப்படியே கிடக்குது.
பிரேக் மிதித்தால் முன்னால் ஓடும்,
மேடேறினால் பின்னால் வரும்.
சத்தம் கேட்டு
பாலைவனத்தில் ஓரம் கட்டி
டார்ச் அடித்துக்கொண்டு இறங்குவான்.
ஒவ்வொரு நட்டாய் முடுக்கிப் பார்ப்பான்.
எல்லாம் இறுக்கமாய்த்தான் இருக்கும்.